பத்தொன்பது பாதங்கள்

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தேவாலயத்துப் பங்கில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கால்காரர் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். பெரிய மருத்துவமனை ஒன்றின் பின்பக்கத்துப் பட்டறையில் இருபத்தாறு வருடமாகச் செயற்கைக் கால் செய்கிறவர். விபத்திலோ சர்க்கரை வியாதியிலோ காலைப் பறிகொடுத்தவர்கள் ஊன்றுகோலோடு அவரிடம் வருவார்கள். சில வாரம் கழித்து அவர் செய்து கொடுத்த காலில் நடந்து வீட்டுக்குப் போவார்கள். கையில் அவ்வளவு தொழில் இருந்தும் மனதில் தைரியம் கடுகளவும் கிடையாது. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது தரமும் இழுப்பார். "பூட்டுக்கே கை வலிக்கப் போகுதுங்க" என்பாள் அவர் மனைவி.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கையைத் தூக்கிவிட்டார்.

பங்குச் சாமியார் அன்று பிரசங்கத்துக்குப் பதிலாக ஒரு கடிதத்தை வாசித்தார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தேசத்தில் மறைபரப்புப் பணி செய்யும் கன்னியாஸ்திரி எழுதியது. நம் பாஷைக்காரர்தான், முப்பது வருடமாக அங்கே ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியைக் கவனித்துக்கொள்கிறார். முழங்காலுக்குக் கீழே காலில்லாதவர்கள் இருபத்து நாலு பேர் சுற்றுப்பட்ட ஊர்களில் இருக்கிறார்கள், கால் செய்யத் தெரிந்த ஒருவர் மூன்று வாரம் வந்து போனால் போதும் என்று எழுதியிருந்தார். சாமியார் கடிதத்தை மடித்தார். கோயிலில் இருந்த அத்தனை தலையும் கால்காரர் பக்கம் திரும்பியது.

பிடரியைச் சொறியத்தான் கையைத் தூக்கினேன் என்று அவர் வீட்டுக்கு வந்து சாதித்தார்.

"சொறியறதுக்கு எதுக்கு எழுந்து நின்னீங்க?" என்றாள் மனைவி.

எழுந்து நின்றது உண்மை. ஏன் நின்றோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

அதன்பிறகு எல்லாம் வழுக்கிக்கொண்டு நடந்தது. பேர் சொல்ல விரும்பாத யாரோ ஒருவர் விமான டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். விசா எட்டே நாளில் வந்தது. சிரித்தே பார்த்திராத பட்டறை மேலாளர் அம்மாள், மூன்று வார விடுப்புக்கு ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். செயற்கைப் பாதம் தயாரிக்கிற கம்பெனி ஒன்று முப்பது ரப்பர் பாதங்களை இலவசமாகத் தருவதாக ஒப்புக்கொண்டது. பார்த்தாயா, ஆண்டவர் வழி விடுகிறார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கால்காரரோ டிக்கெட்டில் இருந்த தேதியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் நடந்து அவர் பார்த்ததே இல்லை.

புறப்படப் பதினாறு நாள் இருக்கும்போது கம்பெனியிலிருந்து நாலு வரியில் ஒரு கடிதம் வந்தது. நிர்வாகம் மாறிவிட்டது, இந்த ஆண்டு அன்பளிப்பு எதுவும் இல்லை, வருந்துகிறோம்.

அவர் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து அதை ஐந்து தரம் வாசித்தார். செயற்கைக் கால் என்பது மூன்று பாகம். துண்டான காலை உள்வாங்கிக்கொள்ளும் கிண்ணம் மேலே, அதற்குக் கீழே ஒரு குழாய், அடியில் பாதம். கிண்ணத்தை ஒவ்வொருவர் காலுக்கும் அச்செடுத்துக் கையாலேயே செய்துவிடலாம். அதற்கான பிளாஸ்டிக் தகடும் அச்செடுக்கிற பிளாஸ்டர் மாவும் குழாயும் அந்த ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்தாயிற்று. பாதம் மட்டும் ஃபேக்டரியில்தான் செய்தாக வேண்டும். காசு கொடுத்து வாங்கலாம் என்றால் ஆர்டர் போட்டு வர இரண்டு மாதம். பாதமில்லாமல் அங்கே போய் இறங்குவது, அரிசியில்லாமல் பந்தி விரிக்கிற கதை.

நேரே சாமியாரிடம் போனார். கோயிலில் மின்விசிறி ஒன்று கழன்று, அதை மாட்டுகிறவருக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார் சாமியார். ஏணியை விடாமலே எல்லாவற்றையும் கேட்டார். அழைத்தவர் ஆண்டவர், ஆகவே கொடுக்க வேண்டியதும் அவர் பொறுப்பு, நீங்கள் கலங்காதீர்கள் என்றார்.

"கொடுப்பார் சாமி, நான் இல்லேங்கல. என்னைக்குக் கொடுப்பார்? எனக்குப் பதினெட்டாம் தேதி ஃபிளைட்டு."

"தேதி எனக்குத் தெரியாதுப்பா" என்றார் சாமியார். அந்தப் பதிலில் ஒளிவுமறைவு இல்லை என்பதால் கால்காரருக்கு அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

மறுநாள் கடிதம் எழுதிய சிஸ்டருக்கே ஃபோன் போட்டார். நடந்ததைச் சொல்லி, பயணத்தை ஆறு மாதம் தள்ளி வைப்போம், யாராவது வந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுபக்கத்தில் ஒரு சேவல் கூவுவது கேட்டது.

"எப்படித் தம்பி திருப்பி அனுப்புறது? நடந்து வந்தவங்களா அவங்க?"

ஒருவர் மாட்டுவண்டியில் இரண்டு நாள் வந்தாராம். ஒருவரை அவருடைய தம்பிமார் மாற்றி மாற்றி முதுகில் சுமந்து வந்தார்களாம். எல்லாரும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்களாம். பாதம் கைக்கு வருமுன் ஏன் ஆட்களை வரச்சொன்னீர்கள் என்று அவர் தொண்டைவரை வந்த கேள்வியை விழுங்கினார். சிஸ்டர் அதைக் கேட்டதுபோலவே பதில் சொன்னார். நீங்கள் வருவதாகச் சொன்னீர்கள், அதை நம்பி நான் வரச்சொன்னேன்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் கோயிலில் முட்டிபோட்டு ஜெபமாலை சொல்வார். அதையும் பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோலத்தான் சொன்னார். ஒரு மணி விட்டுப்போனதோ என்று சந்தேகம் வந்தால் ஆரம்பத்திலிருந்து மறுபடியும் தொடங்குவார். எத்தனை தரம் சொன்னாலும் நெஞ்சுக்குள் கூவிய சேவல் அடங்கவில்லை. நாம் நம்பாததால்தான் ஆண்டவர் தரவில்லையோ என்று ஒரு பயம். நம்பி இருந்துவிட்டு ஒன்றும் வராமல் போனால் அந்த இருபத்து நாலு பேருக்கு யார் பதில் சொல்வது என்று அதற்கு எதிரான பயம். இரண்டுக்கும் நடுவே மத்தளம் மாதிரி இருபக்கமும் அடி வாங்கினார்.

புறப்படப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, பட்டறைக்கு ஒரு அம்மாள் வந்தார். கையில் பழைய போர்வையால் சுற்றிய ஒரு மூட்டை. பிரித்தால் உள்ளே கால். ஏழு வருடத்துக்கு முன் அந்த அம்மாளின் கணவருக்குக் கால்காரரே செய்து கொடுத்த கால். அவர் போன மாதம் இறந்துவிட்டார். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது நிற்கிறது, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, குப்பையில் போடவும் மனசு வரவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்த அம்மாள். இன்னும் அவருடைய சாக்ஸ்கூட அந்தக் காலில் இருந்தது.

அந்த அம்மாள் போனபிறகு கால்காரர் சாக்ஸை உருவி, பாதத்தைக் கழற்றி, வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்தார். ரப்பரில் ஒரு கீறல் இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருபத்தாறு வருடமாக அவர் எத்தனை கால் செய்திருப்பார்? மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை புதுக்கால் வாங்குகிறவர்கள் பழையதை என்ன செய்கிறார்கள்? பரணிலும் கட்டிலடியிலும் அலமாரி மூலையிலும் ஊர் முழுக்கப் பாதங்கள் கிடக்கின்றன.

கேட்டால் கிடைக்கும். ஆனால் கேட்க வேண்டும். பஸ்ஸில் பாக்கிச் சில்லறையைக்கூட வாய்விட்டுக் கேட்காத மனிதர் அவர். மேலாளர் அம்மாளிடம் போய், பழைய நோயாளிகளின் ஃபோன் நம்பரைத் தர முடியுமா என்று மென்று முழுங்கினார். அது ரகசியப் பதிவு, தரவே முடியாது என்று அந்த அம்மாள் ஒரே போடாகப் போட்டார். வேண்டுமானால் நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் ஒரு அறிவிப்பு ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார். அறிவிப்பை எழுதியதும் அந்த அம்மாளே; கால்காரர் எழுதியது அத்தனை அடித்தல் திருத்தலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாமியார், இதை நான் சொல்வதைவிட நீங்கள் சொல்வதுதான் பொருத்தம் என்று சொல்லி மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார். முந்நூறு பேர்.

"யார் வீட்லயாவது பழைய கால் இருந்தா குடுங்க. சொந்தக் கால் வேண்டாம். அது உங்களுக்கே வேணும்."

இதைச் சிரிப்புக்காக அவர் சொல்லவில்லை, குழம்பிப்போய்ச் சொன்னார். கோயில் முழுக்கச் சிரித்தது. அவர் காது சிவக்க வந்து உட்கார்ந்தார். மனைவி அவர் முழங்கையைத் தொட்டு, நல்லாத்தான் இருந்தது என்றாள்.

கால்கள் வரத் தொடங்கின. நோயாளிகள் கொண்டுவந்தார்கள், நோயாளிகளின் மருமக்கள் கொண்டுவந்தார்கள். ஒருவர் இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்து, இது எனக்கு ராசியான கால், இதில்தான் மகள் கல்யாணத்தில் நின்றேன் என்று தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். மனைவி வேலை செய்யும் மருந்துக்கடையில் யாரோ மூன்று கால்களைக் கவுண்டர்மேல் வைத்துவிட்டுப் போக, மாத்திரை வாங்க வந்த பெண் பயந்து சீட்டை அங்கேயே விட்டு ஓடியதாகக் கதை. எட்டு நாளில் நாற்பத்தேழு கால்கள் சேர்ந்தன. சாமியாருக்கு வாயெல்லாம் பல். நாற்பத்தேழு! கேட்டதற்கு இரட்டிப்பு!

கால்காரர் சிரிக்கவில்லை. ரப்பருக்கு ஆயுள் உண்டு என்பது அவருக்குத் தெரியும். பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கட்டைவிரலால் அழுத்தினார். சிலது பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்தது. சிலது குதிகாலில் பிளந்திருந்தது. நம்பி ஒரு மனிதரை ஏற்றி நிறுத்தலாம் என்று அவர் மனசாட்சி ஒப்பியவை பத்தொன்பது. வலது பத்து, இடது ஒன்பது. மீதி இருபத்தெட்டையும் மூலையில் குவித்தார்.

"இருபத்து நாலு பேருக்குப் பத்தொன்பது" என்றார் மனைவியிடம். "மீதி அஞ்சு பேர் மூஞ்சிய நான் எப்படிப் பார்ப்பேன்?"

"போகலைன்னா இருபத்து நாலு பேர் மூஞ்சியையும் பார்க்க வேண்டாம். போகாம இருந்துடுறீங்களா?" குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் கேட்டாள். அவர் யோசித்தார். அன்று சாயங்காலம் பெட்டி கட்டினார்.

விமான நிலையத்தில் அடுத்த சோதனை. முப்பது கிலோதான் அனுமதி. பாதங்கள், ரம்பம், அரம், திருகுகள், சூட்டுக் காற்று அடிக்கும் கருவி, எல்லாம் இருந்த பெரிய பெட்டியே இருபத்தொன்பது கிலோ. துணிமணி இருந்த சின்னப் பெட்டி ஒன்பது. கூடுதல் எடைக்குக் கவுண்டரில் கேட்ட தொகை அவர் பையையும் வழியனுப்ப வந்த மனைவி பையையும் கவிழ்த்தாலும் தேறாது. அவர் பெரிய பெட்டியைத் திறந்து எந்தக் கருவியை எடுப்பது என்று கை பிசைந்தார். ரம்பம் இல்லாமல் முடியாது. அரம் இல்லாமல் முடியாது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. பெட்டிக்குள் வரிசையாகப் பாதங்களைப் பார்த்த கவுண்டர்ப் பெண் ஒரு எட்டுப் பின்வாங்கினாள்.

மனைவி சின்னப் பெட்டியைத் தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"துணி?" என்றார் அவர்.

"போட்டிருக்கீங்கள்ல? போங்க."

மூன்று வாரத்துக்கு ஒரே ஒரு சட்டை, ஒரே ஒரு பேன்ட்டோடு, வாழ்க்கையில் முதன்முதலாக விமானம் ஏறினார். வழி நெடுக இருக்கைக் கைப்பிடியை விடவில்லை. விமானத்தை அவர்தான் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி.

மிஷன் ஆஸ்பத்திரி செம்மண் பாதையின் முடிவில் இருந்தது. ஓட்டுக்கூரை, நீளமான தாழ்வாரம். ஜீப் நின்றதும் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் ஊன்றுகோல்களைத் தேடி எடுத்து ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். மரியாதைக்காக எழுகிறார்கள் என்று புரிந்தபோது அவருக்கு உட்காருங்கள் என்று சொல்ல அந்தப் பாஷை தெரியவில்லை. கையை ஆட்டிக் காட்டினார். அவர்கள் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு தாங்களும் கையாட்டினார்கள். அவர் தன்னையறியாமல் தலைகளை எண்ணினார். இருபத்து ஒன்பது.

சிஸ்டர் குள்ளமாக, கறுப்பாக, பரபரவென்று இருந்தார். கேள்விப்பட்டு இன்னும் ஐந்து பேர் வந்துவிட்டார்கள், வந்தவர்களை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றார்.

இருபத்தாறு வருடத்தில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர் அன்று உயர்த்தினார்.

"உங்களுக்கு வாய் வராது சிஸ்டர். நாளைக்கு அவங்ககிட்ட இல்லேன்னு சொல்லப்போறது என் வாய்தானே? என்கிட்ட பத்தொன்பது பாதம்தான் இருக்கு. ஆண்டவர் வந்து மீதிப் பத்தையும் மாட்டுவாரா?"

சிஸ்டர் கோபிக்கவில்லை. அப்போதுதான் கால்காரர் கவனித்தார்: அந்த அம்மாளின் விரல்கள் ஜெபமாலையின் சிலுவையைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தன. தைரியம் என்று அவர் நினைத்தது தைரியமில்லை போலிருக்கிறது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு தம்பி. முப்பது வருஷமா. சாப்பிட்டுட்டு வேலையை ஆரம்பிப்போமா?"

வேலையை ஆரம்பித்தார்கள். ஜீப் ஓட்டியவர் மாவு கரைத்தார். மருத்துவமனை ரொட்டி சுடும் அடுப்பில் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கினார்கள். அப்பளம் மாதிரி அது தளர்ந்து வரும்போது அவரும் ஓட்டுநரும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கி, அச்சின்மேல் போர்த்தி இறுக்கினார்கள். கால்காரரின் ஒரே சட்டை முதல் நாளே மாவில் விறைத்துப்போனது. ஓட்டுநர் தன் மாற்றுச் சட்டையும் பேன்ட்டும் கொடுத்தார். பேன்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. தாழ்வாரத்தில் இருந்தவர்களுக்கு அன்று முழுக்க அதுதான் சிரிப்பு.

நான்காம் நாள் முதல் ஆள் நடந்தார். மாட்டுவண்டியில் இரண்டு நாள் வந்த கிழவர். பிடித்துக்கொள்ள நட்டிருந்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே நாலு எட்டு வைத்தார்; பிறகு கட்டையை விட்டுவிட்டு இன்னும் நாலு எட்டு. மற்றவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைத்தான் கால்காரரால் தாங்க முடியவில்லை. பாதம் எத்தனை என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. ஒவ்வொரு கால் முடியும்போதும் பெட்டியில் ஒன்று குறைந்தது. மற்ற இடங்களில் வேலை முடிய முடிய மனசு லேசாகும். இங்கே கனத்தது.

பத்தாம் நாள் மதியம், அச்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஓட்டுநரின் தோள் பட்டுச் சுவரோரம் சாத்தியிருந்தவை எல்லாம் கடகடவென்று சரிந்தன. ஊன்றுகோல்கள். கால் கிடைத்த பன்னிரண்டு பேரும் விட்டுப்போனவை, மொத்தம் இருபத்து நாலு. கால்காரர் குனிந்து அடுக்கத் தொடங்கினார். ஒன்றை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. அலுமினியக் குழாய். அடியில் தடித்த ரப்பர்க் குமிழ். ஒரு மனிதரின் முழுப் பாரத்தையும் வருடக்கணக்கில் மண்ணிலும் சேற்றிலும் தாங்கிப் பழகியது.

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. குழாயை அளவாக அறுத்தார். உள்ளே கடினமான மரத்தண்டைச் சீவி இறுகச் செருகினார். மேலே கிண்ணம், கீழே குமிழ். பாதம் இல்லாத, ஆனால் நிற்கிற கால். சாதாரணக் கட்டைக்கால்தான், அவருடைய பட்டறையில் இதைச் செய்தால் மேலாளர் அம்மாள் சீட்டைக் கிழித்துவிடுவார். இது தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம். இரண்டு மாவு மூட்டைகளை அதன்மேல் ஏற்றினார். தாங்கியது. மூன்றாவது மூட்டையோடு ஓட்டுநரையும் ஏறச் சொன்னார். தாங்கியது. மறுநாள் காலையில் இன்னொரு தரம் எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தார். அப்போதும் தாங்கியது.

பிறகு சிஸ்டரை அழைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னார். பாதம் பத்தொன்பதுதான். மீதிப் பேருக்கு இது. சிஸ்டர் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செங்கல் சூளையில் வேலை செய்கிற ஆள் ஒருவர், தம்பிமார் முதுகில் வந்தவர், அந்தக் காலைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்றார்?"

"ஈரக் களிமண்ணுல பாதம் இருந்தா புதையுமாம். இதுதான் தனக்குச் சரியாம். செருப்பு வாங்குற செலவும் பாதியாம்" என்றார் சிஸ்டர்.

அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர் தாங்களாகவே கட்டைக்கால் போதும் என்றார்கள். ஏழானது. ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. இன்னொருத்தி, சின்ன வயதுப் பெண், வாங்கிக்கொண்டாள்; மாட்டிக்கொண்டு நடந்தாள்; நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதில் ஒரு தப்பும் இல்லை என்று கால்காரருக்குத் தோன்றியது. அவள் நிலையில் இருந்தால் நானும் அப்படித்தான் போயிருப்பேன் என்று மனைவிக்கு ஃபோனில் சொன்னார்.

பத்தொன்பதும் ஒன்பதும் இருபத்தெட்டு. இருபத்தொன்பதாவது ஆள் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. துண்டான இடத்தில் அவளுக்குப் புண் ஆறியிருக்கவில்லை. சிஸ்டர் மூன்று வாரமும் கழுவிக் கட்டுப்போட்டுப் பார்த்தார். கடைசி நாள் வரை அது மூடவில்லை. அதன்மேல் கிண்ணத்தை மாட்டினால் இருக்கிற காலும் போய்விடும். பாதம் இருந்தாலும் இவளுக்கு முடியாது, இல்லாவிட்டாலும் முடியாது.

புறப்படும் நாள் காலையில் அவர் அவள் பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்த் தாழ்வாரம் வெறிச்சென்று கிடந்தது. அவர் கால் நீட்டி உட்கார, ஓட்டுநரின் குட்டைப் பேன்ட் இன்னும் மேலே ஏறியது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒன்று கேட்டாள். இனி எப்போது வருவீர்கள் என்று கேட்கிறாள் என்றார் சிஸ்டர்.

அவர் எப்போதும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. பார்க்கலாம். சாமான் கைக்கு வராமல் வாக்குக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பாதம் இல்லை, பணம் இல்லை, இன்னொரு டிக்கெட்டை யார் தருவார் என்பது தெரியாது, மேலாளர் அம்மாள் மறுபடியும் விடுப்புத் தருவாரா என்பதும் தெரியாது.

"புண்ணு ஆறினதும் அளவெடுத்து அனுப்பச் சொல்லுங்க சிஸ்டர். நான் செஞ்சு குடுத்துவிடுறேன்னு சொல்லுங்க. பாதத்தோட."

சிஸ்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எப்படி அனுப்புவீங்க தம்பி?"

"தெரியாது சிஸ்டர். சொல்லுங்க."

சிஸ்டர் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஜீப் புறப்படும்போது கையாட்டினாள். எதற்கு அப்படி வாயைக் கொடுத்தோம் என்று பாதை முடிகிற வரை கால்காரர் தன்னையே திட்டிக்கொண்டு போனார்.

அளவு வந்து சேர மூன்று மாதம் ஆனது. கால் தயாராக இரண்டு வாரம். அதை எடுத்துப்போக ஆள் கிடைக்க இன்னும் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் அவர் வாரம் தவறாமல் சாமியாரைப் போய் அரித்தெடுத்தார். கடைசியில் அந்தப் பக்கம் போன ஒரு இளங்குருவானவர் தம் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார். கால் பொருந்தியது, கிண்ணத்தின் வெளி ஓரம் மட்டும் கொஞ்சம் உரசுகிறது என்று சிஸ்டர் எழுதியிருந்தார்.

கால்காரர் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, எந்த ஓரம், எவ்வளவு உரசுகிறது, தோல் சிவந்திருக்கிறதா என்று கேட்டுப் பதில் எழுத அன்றே உட்கார்ந்தார்.